மீண்டு வரும் நனாமி
'சுயிகோடென்' இரண்டாம் பாகம் பற்றிய ஒரு நோக்கு

இரட்டைக் காப்பியங்கள் என்னும் வழக்கு தமிழ் மாணவர்க்குப் பழகிய ஒன்று. சிலப்பதிகாரத்தின் மாந்தர் சிலரை ஏற்றுக்கொண்டு, அதன் துயரம் முடிந்த இடத்திலிருந்து மணிமேகலை வேறொரு திசையிற் செல்கின்றது. தொடர்ச்சியாக வரும் ஆக்கம் முன்னையதன் நிழலிலேயே நின்றுவிடலாகாது. அதனை முற்றாக உதறிவிடவும் அதற்கு இயலாது. இச்சிக்கலைக் காப்பியத்தையோ நாவலையோ கொண்டு ஆராயாது, திரையில் ஆடப்படும் விளையாட்டொன்றினைக் கொண்டு ஆராய்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், பல பத்து மணித்தியாலங்கள் ஒருவரைத் தன் கதையினுள் வைத்திருக்கவல்ல வடிவமொன்று விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாக இருத்தல் முறையன்று.

ஜப்பானியக் கொனாமி நிறுவனம் 1995 இல் வெளியிட்ட 'கென்சோ சுயிகோடென்', 108 வீரர் ஒன்றுகூடும் சீனப் பழங்கதையொன்றினைத் தழுவி எழுந்தது. அதன் இரண்டாம் பாகம் 1998 டிசம்பரில் பிளேஸ்டேஷன் கருவிக்கென வெளிவந்தது. இரண்டுக்கும் கதாசிரியராக விளங்கியவர் 2024 இல் மறைந்த யொஷிதக்கா முராயாமா. இது ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, துணைவரைச் சேர்த்து, ஊர் ஊராகச் சென்று கதையை நடத்திச் செல்லும் வகையைச் சேர்ந்தது.

கதையின் தொடக்கமே இதன் தரத்தைக் காட்டிவிடுகின்றது. ஹைலண்ட் அரசுக்கும் ஜோஸ்டன் நகரங்களுக்கும் இடையில் உடன்படிக்கை ஏற்பட்டுவிட்டது. கணவாயொன்றில் முகாமிட்டிருக்கும் ஹைலண்டின் சிறுவர் படை, மறுநாள் வீடு திரும்பும் மகிழ்ச்சியில் இருக்கின்றது. அன்றிரவு அச்சிறுவர்களைக் கொன்றொழிப்பவர் பகைவர் அல்லர். அவர்களது சொந்த அரசின் படையினரே. பழியைப் பகைவர் மீது சுமத்திப் போரை மீண்டும் மூட்டுவது இளவரசன் லூக்காவின் திட்டம். தப்பும் இருவருள் ஒருவன் நாயகன்; மற்றவன் அவன் தோழன் ஜோவி. அருவியிற் குதிப்பதற்குமுன், பிரிய நேர்ந்தால் இவ்விடத்திலேயே மீண்டும் சந்திப்பதெனப் பாறையிற் கீறி உறுதி செய்கின்றனர்.

பின்னர் ஜோவி பகைவர் பக்கம் செல்கின்றான். அடைக்கலம் தந்த மியூஸ் நகரின் தலைவியையே அவன் கொல்கின்றான். ஈற்றில் ஹைலண்டின் அரசனாகின்றான். போரை விரைவில் முடித்து, தான் நேசிப்போரைக் காக்க அதுவே வழியென்று அவன் நம்புகின்றான். இப்பாத்திரவார்ப்பே ஆக்கத்தின் தலையாய சிறப்பு. கண்டியில் வாழ்வோர்க்குக் கட்சி மாறியோரின் கதை புதிதன்று. 1814 இல் எஹெலப்பொல அதிகார் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். அவரது மனைவியும் மக்களும் அரசனது ஆணையாற் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு மார்ச்சில் கண்டி ஒப்பந்தத்துடன் அரசு மறைந்தது. அவரோ பின்னர் ஆங்கிலேயராலேயே மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு 1829 இல் அங்கு இறந்தார். அவரை வீரன் என்பதா, துரோகி என்பதா என்ற வினாவுக்கு ஒரு சொல்லில் விடையில்லை. ஈழத்துத் தமிழரின் அண்மைக்கால வரலாற்றில் அப்பின்னைய சொல்லுக்கு எத்தனை உயிர்கள் பலியாயின என்பது சொல்லித் தெரியவேண்டியதன்று. ஜோவியின் குற்றங்களை ஒன்றையும் மறையாது காட்டிவிட்டு, அதன் பின்னரும் அச்சொல்லோடு அவனைக் கைகழுவிவிட மறுக்கின்றது இவ்வாக்கம். இது சிறிய சாதனையன்று.

உருவமும் உள்ளடக்கமும் இணையும் இடங்களும் உள. லூக்காவை வீழ்த்த அறுவர் கொண்ட மூன்று குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போரிடவேண்டும். அதன் பின்னரும் அவன் நாயகனோடு தனித்துப் பொருதுகின்றான். ஒருவனைக் கொல்ல இத்தனை பேரா என்ற கேள்வி ஆடுபவரின் கைகளிலேயே எழுகின்றது. நாயகனின் வளர்ப்புத் தமக்கை நனாமி, போரை விட்டு ஓடிவிடுவோமென மன்றாடும் இடமும் இத்தகையதே. ஆடுபவர் அதற்கு இசையலாம். உறுதியாக இசைந்தால் கதை பெருமையேதுமின்றி அங்கேயே முடிந்துவிடும். ஓடுதலை ஒரு தெரிவாக மதித்த போர்க்கதைகள் மிகச் சிலவே.

குறைகளுட் சில மேலோட்டமானவை. படையணிகளை நகர்த்தும் பெரும்போர்களின் முடிவு பெரும்பாலும் முன்னரே தீர்மானிக்கப்பட்டது. ஆடுபவரின் சூழ்ச்சி அங்குப் பெயரளவினதே. லூக்கா இறந்தபின் கதைப்பின்னல் தளர்கின்றது. ஆங்கிலப் பதிப்பின் மொழி கரடுமுரடானது. சில காட்சிகளில் இசையும் ஒலிக்காமற் போயிற்று. இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தக்கன.

பொறுக்கவியலாத குறை நனாமியின் மரணத்தில் உள்ளது. ரொக்காக்ஸ் கோட்டையில் அம்புபட்டு வீழும் அவளது இறப்பு, கதையின் துயரமனைத்தும் திரண்டு நிற்கும் இடம். ஆனால், உரிய வேளைக்குள் 108 பேரையும் சேர்த்து, தெரிவுகளையும் தவறாது செய்தவர்க்கு அவள் இறக்கவில்லை என்ற செய்தி ஈற்றிற் கிடைக்கின்றது. முதற் பாகத்திலும் இவ்வாறே கிரெமியோ என்னும் துணைவன் 108 பேரின் நிறைவால் உயிர்பெற்றான். வேறெங்கும் முன்னையதை விஞ்சிய ஆக்கம் இங்கு மட்டும் அதன் உத்தியைச் சிறு மாற்றத்தோடு மீண்டும் கையாளுகின்றது.

ஒரு சமூகம் முழுவதும் திரண்டால் ஓருயிரையேனும் காக்கலாம் என்பதன் குறியீடே இது என வாதிடுவோர் உளர். அவ்வாதம் அழகியது, ஒருங்கே தள்ளத்தக்கதுமன்று. கோட்டையில் ஆட்கள் சேரச் சேரச் சமையலறையும் கடைகளும் தோன்றி, வெறுங் கட்டடம் ஊராக மாறுவது அதற்குச் சான்றாகலாம். எனினும் அந்த 108 பேருள் பறக்கும் அணிலொன்றும் அடக்கம். அவ்வணிலைத் தவறவிட்டவர் தமக்கையை இழக்கின்றார். இங்கு இறப்பு போரின் விளைவாக இல்லை; ஆடியவரின் கவனக்குறைவுக்கான தண்டனையாகிவிடுகின்றது.

மணிமேகலையில் கோதமை என்பாளின் கதை வருகின்றது. சுடுகாட்டில் அஞ்சி உயிர்நீத்த மகன் சார்ங்கலனை மீட்டுத்தருமாறும், ஈடாகத் தன்னுயிரைக் கொள்ளுமாறும் அவள் சம்பாபதித் தெய்வத்தை இரக்கின்றாள். தெய்வம் மறுக்கின்றது. அவள் நம்பாமையால் தேவர் அனைவரையும் அழைத்து வினவ, அவர்களும் இயலாதென்கின்றனர். இறுதிக் காதைகளைத் தத்துவத் தருக்கத்தால் நிரப்பிக் கதையை மெலியவிட்ட சாத்தனார், இவ்விடத்தில் தாயின் துயரத்தை விலைபேசவில்லை. அவரது மணிமேகலை பெறும் அமுதசுரபி பசித்தோர்க்குச் சோறிடும், செத்தாரை எழுப்பாது.

2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரங்களில் அமர்ந்து போராடிய நாட்டில், இவ்வேறுபாடு வெறும் இலக்கிய நுட்பமாகத் தோன்றாது. அத்தாய்மார் எவரும் ஓர் அணிலைத் தேடத் தவறியவர் அல்லர்.

எண்ணிக்கை நிறையாதவர்க்குக் கிடைக்கும் மற்றைய முடிவொன்றில், போர் ஓய்ந்தபின் நாயகன் தமக்கையின்றித் தனியே அக்கணவாய்க்குச் செல்கின்றான். கீறிய பாறையருகே ஜோவி காத்திருந்து வாளெடுக்கின்றான். நாயகன் திருப்பித் தாக்காது தடுத்துக்கொண்டே நிற்கின்றான். ஜோவி அங்கேயே உயிர்விடுகின்றான். விளையாட்டு இதனைக் குறைந்த முடிவாகவே கணிக்கின்றது. 2025 மார்ச்சில் இரு பாகங்களும் புதுக்கி வெளியிடப்பட்டபோது ஓவியங்கள் தெளிவாக்கப்பட்டன. மொழிபெயர்ப்பும் திருத்தம் பெற்றது. 108 என்ற கணக்கு மட்டும் அவ்வாறே விடப்பட்டது.