கோபுரத்துக் கிளிகள்

மதுரையில் பறவை பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். காலையில் கோயிலைச் சூழ்ந்த சித்திரை வீதிகளில் மெதுவாக நடந்தால் போதும். கீச்சொலிதான் முதலில் வரும். அண்ணாந்து பார்ப்பதற்குள் பச்சைக்கிளிகள் அம்பு போலப் பாய்ந்து, கோபுரத்துச் சுதைச் சிற்பங்களின் இடுக்கில் மறைந்துவிடும். வண்ணம் பூசிய அத்தனை உருவங்களுக்கு நடுவே உயிருள்ள அந்தப் பச்சையைக் கண்டுபிடிப்பதே தனிச் சுகம். மாடப்புறாக்களின் தொண்டைக்குள் உருளும் முனகல், கல்மதிலில் பட்டு இன்னும் கனத்துக் கேட்கும்.

கிழக்கே வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போனால், நீரோரம் மடையான் அசையாமல் நிற்கும். மண் நிறத்தில் ஒடுங்கியிருப்பது, பறக்கும்போதுதான் வெள்ளைச் சிறகை விரிக்கும். அந்த ஒரு நொடிக்காகப் பொறுமையாகக் காத்திருக்கலாம். பறவைகளின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நடையைக் கொஞ்சம் குறைத்து, தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள்.