சப்பாணியின் தோல்

'16 வயதினிலே' படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். 1977இல் பாரதிராஜா ஸ்டுடியோவை விட்டு வெளியேறி, பி. எஸ். நிவாஸின் காமிராவில் வயலையும் தெருவையும் காட்டியது தமிழ்த் திரையில் ஒரு நிகழ்ச்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் படப்பிடிப்பு பெரும்பாலும் நடந்தது மைசூர், கொள்ளேகாலம் பக்கம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எந்த ஜில்லா, எந்தத் தாலுக்கா என்று கேட்கத் தோன்றாத ஊர் அது. 'ஒரு ஊரிலே' என்று பாட்டிமார் தொடங்குவார்களே, அந்த ஊர். யதார்த்தம் என்று நாம் கொண்டாடியது உண்மையில் ஒரு ராஜகுமாரி கதை. அப்படிப் பார்த்தால்தான் அதன் பலமும் தெரிகிறது, அது செய்யும் மோசடியும் தெரிகிறது.

கதையின் எலும்பு மிகப் பழையது. மதனகாமராஜன் கதைகளில் ராஜகுமாரன் ஆமையாகப் பிறக்கிறான். ஐரோப்பியக் கதைகளில் அவன் தவளை, அல்லது மிருகம். பெண் தன் அருவருப்பைக் கடந்த கணத்தில் தோல் கழன்று விழுகிறது. இங்கே அந்தத் தோல் கோவணம், வெற்றிலைச் சாறு வழியும் வாய், இழுத்து இழுத்து நடக்கும் கால். கமல்ஹாசனின் முகத்தை மக்கள் அழகுக்காகவே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அதை இப்படி மறைத்தது, கதையின் விதியை இயக்குநர் உள்ளூர அறிந்திருந்தார் என்பதையே காட்டுகிறது. தோலுக்குள்ளே யார் இருக்கிறார் என்பது தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும், மயிலைத் தவிர. ஆடு முட்டையிடுவதாக வரும் பாட்டின் கிறுக்குத்தனமும், இளையராஜாவின் இசையில் எஸ். ஜானகி பாடி தேசிய விருது பெற்ற பாட்டில் மயில் மெல்ல மெல்ல மிதப்பதும் எந்த யதார்த்தத்திலும் சேராதவை. சேர வேண்டியதும் இல்லை.

ழான் காக்தோ 1946இல் எடுத்த 'அழகியும் மிருகமும்' படத்தைப் பிரெஞ்சு வாடை இன்னும் மிச்சமிருக்கும் இந்த ஊரில் சிலராவது பார்த்திருப்பார்கள். அதில் அழகியை விரும்பும் அழகன், மிருகம், கடைசியில் வெளிப்படும் ராஜகுமாரன் ஆகிய மூவரும் ழான் மாரே என்ற ஒரே நடிகர். மிருகம் மறைந்து ராஜகுமாரன் நிற்கும்போது அழகியின் முகத்தில் ஒரு தயக்கம், கிட்டத்தட்ட ஏமாற்றம். அவள் விரும்பியது மிருகத்தை. பாரதிராஜாவோ ஒருவனை மூன்றாக உடைத்துவிடுகிறார். ராஜகுமாரனின் வேஷம் பட்டணத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவனுக்கு. மிருகத்தின் பசி ரஜினிகாந்தின் பரட்டைக்கு. மிருகத்தின் விசுவாசம் மட்டும் சப்பாணிக்கு. ஆசையெல்லாம் கெட்டவர்களிடம் போய்விட, நல்லவனிடம் மிஞ்சுவது பணிவு. மயிலுக்குக் கிடைப்பது காதலா, அடைக்கலமா என்ற சந்தேகம் எனக்கு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வருகிறது.

ஆனாலும் படத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு இந்த உடைப்பிலிருந்தே பிறக்கிறது. மயில் சப்பாணியின் தோலை உரிக்க முனைகிறாள். அவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருக்கிறது. சப்பாணி என்று அழைப்பவனை அறைந்துவிடு என்கிறாள். அவன் அறைகிறான். நாம் கைதட்டுகிறோம். சூட்சுமம் இங்கேதான். பழைய கதையில் முத்தம் செய்த வேலையை இங்கே அறை செய்கிறது. அந்த அறை வளர்ந்து, கடைசியில் பரட்டையின் தலைமேல் விழும் கல்லாகிறது. மனிதனாவதற்கு அவன் கற்ற முதல் பாடமே அவனைச் சிறைக்கு அனுப்புகிறது. ஊர் ஒருவனுக்குச் சூட்டிய பெயரைக் கழற்ற ஒரு கொலை வேண்டியிருக்கிறது என்று தமிழ்ப் படம் ஒன்று அறிந்து சொன்னதா, அறியாமல் சொன்னதா என்பது வேறு விஷயம். சொல்லிவிட்டது.

மோசடி மயிலின் பக்கம் இருக்கிறது. அவளுக்கு இரண்டு கனவுகள்: படித்த, நாகரிகமான கணவன்; ஆசிரியை வேலை. ஆசிரியப் பயிற்சிக்குப் போக வாய்ப்பு வருகிறது. மருத்துவனுக்காக அதை விட்டுவிடுகிறாள். முதல் கனவுக்காகப் படம் அவளைத் தண்டிக்கிறது: ஊர் வாய், தாயின் சாவு, பரட்டை. இரண்டாவது கனவை மறந்தே போகிறது. வங்கிக் கவுண்டரில் கல்விக் கடன் விண்ணப்பத்தோடு நிற்கும் பெண்களைப் பார்த்துப் பழகியவனுக்கு இந்த மறதி சிறியதாகப் படவில்லை.

தலைப்பில் இருக்கும் வயதையும் யோசிக்க வேண்டும். 1977இல் பெண்ணின் திருமண வயது சட்டப்படி 15. அடுத்த ஆண்டுத் திருத்தம்தான் அதை 18 ஆக்கியது. ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்டில், படம் வெளியானது 1977 செப்டம்பரில். திரையில் 16 என்று சொல்லப்பட்டவருக்கு அப்போது 14 முடிந்து ஒரு மாதம். பரட்டையின் பார்வையைக் கண்டிக்கும் காமிரா, பாட்டுக் காட்சிகளில் எங்கே நின்று பார்க்கிறது என்பதை இன்று கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ஆச்சரியம், இத்தனைக்கும் நடுவில் அந்தச் சிறுமியின் முகம் வைத்திருக்கும் கௌரவம். சோர்வையும் வெறுப்பையும் அவர் காட்டுவதில் வயதுக்கு மீறிய சிக்கனம்.

படம் ரயில் நிலையத்தில் தொடங்கி ரயில் நிலையத்திலேயே நிற்கிறது. கோபாலகிருஷ்ணன் திரும்பி வரவில்லை, மயில் காத்திருக்கிறாள். கதையைச் சுபமாக முடிக்க மறுத்த துணிச்சலுக்காக இந்த முடிவைப் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்த வருடங்களில் அவள் எதைக் கொண்டு சாப்பிட்டாள், அந்தப் பயிற்சிக்கு மறுபடி ஏன் விண்ணப்பிக்கவில்லை? தண்டவாளம் சென்னைப் பக்கமும்தான் போகிறது.