இரட்டையர் புதிரில் சறுக்கும் பாடம்

சிறப்புச் சார்பியலைப் பெரும்பாலும் புதிர்களை வைத்தே கற்பிக்கிறார்கள்: வயது மாறிப்போகும் இரட்டையர், கொட்டகைக்குள் பாயும் நீளக் கம்பு, இரு விண்கலங்களுக்கு நடுவே கட்டிய நூல். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தாலும் வேறெங்கு படித்தாலும் இவற்றைத் தாண்டாமல் போக முடியாது. நல்ல முறைதான். ஆனால் புதிரை அவிழ்க்கும் இடத்தில் பாடம் அடிக்கடி சறுக்குகிறது.

கம்புப் புதிரை நம்மூர் ரயிலில் ஏற்றிப் பார்ப்போம். பாசிக்குடாவுக்குப் பக்கத்து நிலையம் கல்குடா. அதன் மேடை 100 மீற்றர், உதயதேவி ரயில் 200 மீற்றர், வேகம் ஒளிவேகத்தின் 86.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மேடையில் நிற்பவருக்கு ரயில் பாதியாகச் சுருங்கி, ஒரு கணம் மேடைக்குள் சரியாக அடங்குகிறது. ரயிலில் இருப்பவருக்கோ சுருங்கியது மேடை. அது வெறும் 50 மீற்றர். அதற்குள் 200 மீற்றர் ரயில் எப்படி அடங்கும்?

அவருக்கு அது அடங்குவதே இல்லை. எஞ்சின் மேடையின் ஒரு முனையை எட்டுவதும் கடைசிப் பெட்டி மறுமுனையை எட்டுவதும் மேடைக்காரருக்கு ஒரே நேரம். ரயில்காரருக்கு எஞ்சின் எட்டி 0.577 மைக்ரோ செக்கன் கழித்தே கடைசிப் பெட்டி எட்டுகிறது. அதற்குள் மேடை 150 மீற்றர் பின்னால் ஓடிவிடும். 50உம் 150உம் 200. கணக்கு நேர். இதைத் தன் கையால் போட்டுப் பார்த்த மாணவருக்கு, ‘ஒரே நேரம்’ என்பது எல்லோருக்கும் பொதுவானதல்ல என்பது பிறகு மறக்காது. முறையின் முழுப் பலமும் இதுதான்.

இரட்டையர் புதிரில் நிலைமை வேறு. வேகமாகப் பயணம் போய்த் திரும்பியவர், பூமியில் தங்கிய இரட்டையரைவிட இளமையாக இருப்பது ஏன் என்பதே அதன் கேள்வி. ‘பயணம் போனவர் ஆர்முடுகினார், அதனால் வயது குறைந்தது’ என்று ஒரே வரியில் குறிப்பு எழுதி முடித்துவிடுகிறார்கள். இது பாதி விடை. இருவரில் திரும்பியவர் யார் என்பதை ஆர்முடுகல் காட்டும். எவ்வளவு இளமை என்பதைக் காட்டாது. 4 ஒளியாண்டுத் தொலைவுக்கு ஒளிவேகத்தின் 80 சதவீதத்தில் போய்வந்தால் பூமியில் 10 ஆண்டு, பயணிக்கு 6. தொலைவை 8 ஒளியாண்டாக்கினால் 20, 12. திரும்பும் விதம் அதேதான். வித்தியாசம் மட்டும் இரட்டிப்பு. சேர்ன் ஆய்வுகூடத்தின் வளையத்தில் சுற்றிய, விரைவில் சிதையும் மியூவோன் என்ற துணிக்கைகள் புவியீர்ப்பைப் போல் கோடி கோடி மடங்குக்கும் மேலான ஆர்முடுகலுக்கு உட்பட்டன. 1977இல் வெளியான முடிவின்படி, அவற்றின் ஆயுள் 2.2 மைக்ரோ செக்கனிலிருந்து சுமார் 64 ஆக நீண்டதற்கு வேகம் மட்டுமே போதுமான காரணம்.

இன்னொரு குறையும் உண்டு, எனக்கு அதுதான் கூடுதல் கவலை. புதிர்களாகவே படித்தவருக்குச் சார்பியல் ஒரு கற்பனை விளையாட்டாகப் படுகிறது. ஆனால் அது நிஜத்தில் நடப்பதே. சுமார் 15 கிலோமீற்றர் உயரத்தில் பிறக்கும் மியூவோன், ஆயுள் நீளாவிட்டால், சராசரியாக 660 மீற்றர் வருவதற்குள் சிதைந்துவிட வேண்டும். ஆனாலும் பாசிக்குடாக் கரையில் விரித்த உள்ளங்கையை நிமிடத்துக்குப் பல பத்து மியூவோன்கள் துளைத்துப் போகின்றன. ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இத்தகைய மியூவோன்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

புதிர்களைக் கைவிடச் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். ஆசிரியர்களே, முதலில் மியூவோனைச் சொல்லுங்கள், அடுத்து ரயிலையும் மேடையையும் மாணவர் கையாலேயே கணக்கிட வையுங்கள், இரட்டையரைக் கடைசியில் கொண்டுவாருங்கள்.