அம்பையின் கதையை அம்மாக்களோடு படிப்பது

அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் அநேகமாக எல்லாமே மகள் பக்கம் நின்று எழுதப்பட்டவை. அதில் தப்பில்லை. கதையைச் சொல்வதே மகள்தான். குற்றம் என்ன, செய்தது யார் என்பது தலைப்பிலேயே முடிவாகிவிடுகிறது. ஆனால் இதே கதையை ஒரு அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் அம்மாக்களும் பொண்ணுங்களும் சேர்ந்து படிக்கிற ஒரு வாசிப்பு வட்டம் ஆரம்பித்தால் முதல் கதையாக எதை வைக்கலாம் என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டார்கள். நான் இந்தக் கதையைச் சொன்னேன். “அம்மாவைத் திட்டுற கதையாச்சே, அதைப் போயா?” என்றார்கள். ஏன் அதைப் போய் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன்.

முதலில் வாசிப்பு வட்டம் என்ற ஏற்பாட்டைப் பார்த்துவிடலாம். அம்மா–மகள் வாசிப்பு வட்டம் என்ற யோசனையைப் பரவலாக்கிய புத்தகங்களில் ஒன்று, வாஷிங்டனைச் சேர்ந்த ஷிரீன் டாட்சன் 1997-ல் வெளியிட்டது. பத்து அம்மாக்களும் அவர்களுடைய மகள்களும் ஒரே புத்தகத்தை அவரவர் வீட்டில் படித்துவிட்டு, யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பேசுகிற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு அடியில் சில விஷயங்கள் சொல்லாமலே இருக்கின்றன. அம்மாவுக்குச் சரளமாகப் படிக்க வரும். வீட்டுக்கு ஒரு பிரதி வாங்க முடியும். படிக்க ஒரு மூலையும் நேரமும் கிடைக்கும்.

நம்ம பக்கம் பல வீடுகளில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து வந்து கூடையில் விற்கிற அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் தடதடவென்று படிப்பாள். அதனால் இங்கே சேர்ந்து படிப்பது என்றால் மகள் வாய்விட்டுப் படிப்பதும் அம்மா கேட்பதும்தான்.

இதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. தமிழில் பெண்கள் வாசித்த வரலாற்றில் பாதி, காதால் கேட்ட வரலாறு. வை. மு. கோதைநாயகி அம்மாளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1901-ல் பிறந்தவர். கற்பனை இருந்தது, எழுதத் தெரியவில்லை. முதல் படைப்பான ‘இந்திரமோகனா’வை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அடுத்த வருடமே, 1925-ல், ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்த ஆரம்பித்து, கடைசியில் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். கூட்டமாக உட்கார்ந்து கேட்ட வாசிப்பு எப்படித் தனியாக மௌனமாகப் படிக்கிற வாசிப்பாக மாறியது, அதில் நாவலின் பங்கு என்ன என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பழைய வாசிப்பு முழுசாகப் போய்விடவில்லை, வாரப் பத்திரிகைத் தொடர்கதை காலம் வரைக்கும் நம்ம வீடுகளில் இருந்தது என்பது என் அனுபவம். நானே அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

ஆனால் வாய்விட்டுப் படிப்பதில் ஒரு அதிகாரம் இருக்கிறது. கத்தரிக்கோல் படிக்கிறவள் கையில். சங்கடமான இடம் வந்தால் மகள் முழுங்கிவிடலாம், வேகமாக ஓட்டிவிடலாம். கேட்கிற அம்மா லேசுப்பட்டவர் இல்லை. குரல் மாறினாலே, “இன்னாத்த முழுங்குன, திரும்பப் படி” என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் இந்த இழுபறிக்கு இடம் கொடுக்கிற கதைதான் சேர்ந்து படிக்க உகந்த கதை என்பது என் கட்சி. யாரும் எதையும் முழுங்க வேண்டாத புத்திமதிக் கதையில் இது நடக்காது.

இப்போது கதைக்கு வருகிறேன். 1976-ல் வந்த ‘சிறகுகள் முறியும்’ தொகுப்பில் இருக்கிற கதை இது. பதின்மூன்று வயதுப் பெண். அவளுக்கு அம்மா என்றால் தெய்வம் மாதிரி. தீயோடும் வெளிச்சத்தோடும் சேர்த்துத்தான் அம்மாவை நினைத்துப் பார்க்கிறாள். தங்கை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா ஊருக்குப் போயிருக்கிற சமயத்தில் இவள் வயதுக்கு வந்துவிடுகிறாள். வீட்டில் இருக்கிறவர்கள் ஏதேதோ சொல்கிறார்கள், இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா வந்தால் எல்லாம் சரியாகிவிடும், அம்மா விளக்குவாள், அணைத்துக்கொள்வாள் என்று காத்திருக்கிறாள். அம்மா வருகிறாள். விஷயம் சொல்லப்படுகிறது. இதற்கு என்ன இப்போது அவசரம், இனிமேல் இது வேறு ஒரு பாரம் என்கிற அர்த்தத்தில் அம்மா வாயிலிருந்து ஒரு வாக்கு விழுகிறது. அவ்வளவுதான் கதை. தலைப்பில் இருக்கிற கொலை அந்த வாக்கு.

மகள் பக்கத்து வாசிப்பு இங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் அந்த வாக்குக்கு முன்னால் அம்பை என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். வந்ததும் அம்மா சொல்கிற சேதி, பையன் வேண்டாம் என்றுவிட்டான் என்பது. காரணம், பெண் கறுப்பு. கதை சொல்கிற மகளும் கறுப்பு. கதையின் முன்பகுதியில் அவளே அம்மாவிடம், நீ மட்டும் இவ்வளவு அழகு, நான் ஏன் கறுப்பு என்று கேட்கிறாள். உன் அழகு யாருக்கு வரும் என்று அம்மா அன்பாகச் சொல்கிறாள்.

இந்த இடங்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தால் அந்தக் கொடூரமான வாக்கின் எடை மாறுகிறது. கறுப்பான பெண்ணுக்குக் கல்யாணச் சந்தையில் என்ன விலை என்று கண்ணால் பார்த்துவிட்டு வருகிறாள் அம்மா. வாசல்படி ஏறியதும், உன் வீட்டுக் கறுப்புப் பெண்ணும் அந்தச் சந்தைக்குத் தயார் என்று சேதி வருகிறது. உன் அழகு யாருக்கு வரும் என்று அவள் முன்பு சொன்ன வார்த்தை அப்போதே செத்துவிட்டது. அதைக் கொன்றவர்கள் கதைக்குள் முகம் காட்டாத மாப்பிள்ளை வீட்டார். அம்மா அந்தக் கத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அது அவள் குற்றம்தான், ஆனால் அவள் மட்டும் செய்த குற்றம் இல்லை. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் தலைப்பில் ‘கொலை’யை விட்டுவிட்டு ‘குற்றம்’ என்கிற சொல்லை வைத்தது வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. கொலை என்றுதான் இருக்கணும், அப்போதுதான் யார் செய்தது என்று கேட்கத் தோன்றும்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அம்மாவைக் குற்றவாளி என்று சொல்கிற அதே மகள்தான், அம்மாவுக்குச் சாதகமான சாட்சியங்களையும் ஒவ்வொன்றாக நமக்குக் கொடுக்கிறாள். அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. அம்பைக்குத் தெரியும். அறுபது எழுபது வருடம் முந்தைய ஒரு வீட்டுக் கதை இன்றைக்கும் கருகாமல் இருப்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான் என்று நினைக்கிறேன்.

இதைத் தனியாகப் படித்தபோது நான் கண்டுபிடிக்கவில்லை. திருவொற்றியூரில் அக்கா வீட்டில் அக்கா மகள் வாய்விட்டுப் படிக்க, நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். அவளுக்குப் பதினாலு வயசு. முடிந்ததும், “இவங்க ரொம்ப மோசம் சித்தி, ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே சொல்லிக்குடுத்திருக்கலாம்ல?” என்றாள். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அங்க வாங்கிக் கட்டிகினு வந்தா. இங்க வந்து யார் மேல கொட்டுவா? புருஷன் மேல கொட்ட முடியுமா?” என்றாள். மகள் விடவில்லை. “அதுக்கு அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு?”

இரண்டுமே சரியான வாசிப்பு. கதை இரண்டையும் தாங்குகிறது.

ஒரு மறுப்பு வரும். அம்மாவின் சூழ்நிலையை இவ்வளவு விளக்கினால் மகள் பட்ட காயம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாதா? நியாயமான பயம். நம்ம ஊரில் அம்மா என்றாலே தியாகம் என்று பேச்சை மூடிவிடுகிற பழக்கம் பலமாக இருக்கிறது. அந்த மூடியைத் திறந்த கதை இது, அதைத் திரும்பப் போட்டு மூடுவது அம்பைக்குச் செய்கிற துரோகம். அதனால்தான் பொண்ணுங்களும் அதே பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறேன். கதையில் அந்தப் பெண்ணுக்குத் திருப்பிக் கேட்க வாய்ப்பே இல்லை, வாக்கு விழுந்ததும் அவள் வாய் அடைத்துப்போகிறது. பாயில் உட்கார்ந்த பெண்ணுக்கு அந்த வாய்ப்பு உண்டு. தன் அம்மாவை நேராகக் கேட்க முடியாததை, கதையில் வருகிற இன்னொருத்தி அம்மாவைப் பற்றிக் கேட்டுவிடலாம். அம்மாவும் தன்னைப் பற்றிச் சொல்லாமலே அவளைப் பற்றிச் சொல்லலாம்.

கதை நம்ம பக்கத்து வாசகருக்கு எங்கே ஒட்டவில்லை என்பதையும் சொல்லணும். இது ஒரு பிராமண வீட்டுக் கதை. பேச்சும் சடங்கும் அந்த வீட்டுடையவை. வயதுக்கு வந்த சேதியை அங்கே குசுகுசுவென்று பேசுகிறார்கள். இங்கே மஞ்சள் நீராட்டு விழா என்றால் தெருமுனையில் பெண் படம் போட்ட பேனர், மைக்செட்டு, தாய்மாமன் சீர், மொய் எழுத ஒரு மேசை. ஊருக்கே தெரியும். ஆனால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் பொறுமையாகச் சொன்னது யார் என்று கேட்டுப் பாருங்கள், பல வீடுகளில் பதில் அம்பை கதையில் இருப்பதுதான். அந்த மௌனமும் இந்தச் சத்தமும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. இன்னொரு வித்தியாசமும் உண்டு. அந்தக் கதையில் அம்மா வீட்டில் இல்லாதது எப்போதோ ஒரு தடவை நடப்பது. மீன் விற்கவோ எக்ஸ்போர்ட் கம்பெனிக்கோ வீட்டு வேலைக்கோ போகிற அம்மா வீட்டில் இல்லாதது தினமும் நடப்பது. இந்த வித்தியாசத்தை அந்த அம்மாக்கள்தான் பேசமுடியும், விமர்சகர்கள் இல்லை.

நடைமுறைக்கு இரண்டு வார்த்தை. சில பக்கக் கதை என்பதால் வீட்டில் யாரும் படித்துவிட்டு வரத் தேவையில்லை, ஒரே உட்காரலில் படித்துப் பேசிவிடலாம். ஒரு பிரதி போதும். கேட்க மட்டும் இல்லை, தாங்களும் படிக்கணும் என்று ஆசைப்படுகிற அம்மாக்களுக்கு, பள்ளிக்கல்வித் துறை 2023-ல் ஆரம்பித்த வாசிப்பு இயக்கத்தின் ஒல்லிப் புத்தகங்கள் நன்றாக உதவும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு என்று போட்டதுதான், பெரியவர்கள் படித்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படிக்கும்போது ஒரே ஒரு ஏற்பாடு செய்யச் சொல்வேன். அம்மா ஊரிலிருந்து திரும்பி வருகிற அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் மகள் படிக்க வேண்டாம். எழுத்துக்கூட்டியாவது ஒரு அம்மா படிக்கட்டும். மெதுவாகத்தான் போகும். பையன் வேண்டாம் என்ற சேதிக்கும் அந்த வாக்குக்கும் நடுவில் இருக்கிற சில வரிகளை யாரும் தாண்டிக் குதித்துவிட முடியாத அளவுக்கு மெதுவாக.