குகைக்குள் ஒரு கடிகாரம்

வெளிச்சமே எட்டாத குகையில் அடைத்து வைத்த வௌவாலுக்குப் பொழுது சாய்ந்தது எப்படித் தெரியும்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் கேள்வி இதுதான்.

குகையில் மற்ற வௌவால்கள் இஷ்டப்படி போய் வந்துகொண்டிருந்தபோது, அடைபட்டதும் அவற்றின் நேரத்துக்கே சிறகடித்தது. இனத்தார் இல்லாத இடத்தில் அதன் உடற்கடிகாரம் தன் போக்கில் நகர்ந்தது. எங்க சாஃப்ட்வேர் பாஷையில், சர்வரோடு நேரம் சரிபார்க்காத கம்ப்யூட்டர் மாதிரி.

எனக்கு ஒரு குறை உண்டு. தலைப்பில் வரும் 'சமூக' என்ற சொல் விடையல்ல, மூடிய பெட்டி. உள்ளே இருப்பது குரலா, சிறகோசையா, வாசனையா? அதைப் பிரித்துக் காட்டினால்தான் உடலியல் முழுமையாகும். ஆனாலும் அவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. பிறகு வேறு குடும்பத்து வௌவாலை வைத்துப் பார்த்தார்கள். அயலார் நடமாட்டத்துக்கு அது மசியவில்லை. அப்படியென்றால் வெறும் சந்தடி போதாது. பெட்டி கொஞ்சம் சிறிதாகிவிட்டது.

இதே சந்திரசேகரன் 1965-லேயே, கடற்கரை மணலில் புதையும் சிறு நண்டு, கடலைவிட்டு எடுத்து வந்த பிறகும் ஓதத்தின் தாளத்தை விடுவதில்லை என்று எழுதியிருக்கிறார்.

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, வெளிநாட்டு லேப் கிடைத்தால்தான் பிஎச்.டி. என்று காத்திருக்கிறாள். கருவி வேணும்தான். ஆனால் இந்த ஆய்வுகளில் கேள்விதான் முதலில் வந்தது. விலங்கு பக்கத்திலேயே இருந்தது. அப்ளிகேஷன் போடும் முன் இரண்டையும் படிச்சுடும்மா என்று சொல்லியிருக்கிறேன்.