குஞ்சு எடுப்பது வேறு, பழக்குவது வேறு

புதுச்சத்திரம் பக்கம் குஞ்சு வளர்க்கத் தெரியாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையை விட்டு எந்த ஊருக்குள் திரும்பினாலும் ஒரு கோழிப்பண்ணை வந்துவிடும். கோழிக்குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு, அதன்பின் வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று டிகிரி குறைப்பு. பல்புக்கு அடியில் குஞ்சுகள் நெருக்கியடித்தால் குளிர், ஓரமாய் ஒதுங்கி வாயைப் பிளந்தால் வெக்கை. இதெல்லாம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பு இந்தப் பக்கம் வந்தபோது, பெட்டியிலிருந்து குஞ்சை எடுத்துச் சூட்டில் வைத்து ஊசிக்குழாயால் மாவு ஊட்டுவது யாருக்கும் கடினமாக இருக்கவில்லை. கை பழகிய வேலைதான்.

குஞ்சு பிழைத்துவிடுகிறது. ஆனால் மூன்றாம் மாதத்தில் அதே குஞ்சு ஊட்டிய கையையே கடிக்கிறது. “டேம் குஞ்சுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க, இப்பக் கிட்டவே சேர்க்க மாட்டேங்குது” என்ற குறை இந்தப் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. யாழ்ப்பாணத்திலும் இதே பறவையை வளர்க்கிறார்கள். அங்கே வசதி குறைவு, ஆனால் பழக்கும் முறையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எந்தப் பறவை என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். மண்பானைக்குள் முட்டையிடும் பட்ஜியையும் நாம் லவ் பேர்ட்ஸ் என்றே அழைக்கிறோம். அது ஆஸ்திரேலியப் பறவை. நான் சொல்வது கட்டை வாலும் தடித்த அலகும் கொண்ட, ஐம்பது கிராம் அளவே எடையுள்ள அகபோர்னிஸ் வகையை. அதில் ஒன்பது இனங்கள். எட்டு ஆப்பிரிக்கப் பெருநிலத்துக்கும் ஒன்று மடகாஸ்கருக்கும் உரியவை. கூண்டுகளில் அதிகம் காணக் கிடைப்பவை ரோஜா முகம், ஃபிஷர், கறுப்பு முகமூடி ஆகிய மூன்றும்.

இந்த ஆப்பிரிக்கப் பறவையின் நெருங்கிய சொந்தம் நம் பக்கத்துக் காடுகளிலேயே இருக்கிறது. தலைகீழாகத் தொங்கித் தூங்கும் சின்னப் பச்சைக் கிளிகள்தாம் அவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓர் இனம், இலங்கைக்கே உரியதாய் இன்னோர் இனம். மரபணு ஆய்வுகள் இந்த உறவை உறுதிசெய்கின்றன. கூடு கட்டும்போது ரோஜா முகப் பெண் பறவை ஓலையை நீள நீளமாகக் கிழித்து, முதுகின் பின்பக்க இறகுகளில் செருகிக்கொண்டு பறக்கும். தொங்கு கிளிகளும் இதையேதான் செய்கின்றன. நாமக்கல்லில் தென்னோலையும் யாழ்ப்பாணத்தில் பனையோலையும் கூண்டுக்குள் போடுகிறார்கள். இரண்டு ஓலையையும் அது ஒரே மாதிரிதான் கிழிக்கிறது.

இனி குஞ்சு. முட்டை பொரிய 23 நாள் அளவில் ஆகும். ஆறு வாரத்தில் குஞ்சு பெட்டியை விட்டு வெளியே வரும். விற்பவர்கள் பலர் இரண்டு, மூன்று வாரத்திலேயே குஞ்சை எடுத்துவிடுகிறார்கள். மாவு 40 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஆறிவிட்டால் இரைப்பையில் தங்கிப் புளிக்கும், சூடு கூடினால் இரைப்பை வெந்து ஓட்டையே விழும். இந்த நுணுக்கத்தில் நம் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. வெப்பமானியை வைத்துக் கலக்குகிறவர்களை இங்கே நிறையப் பார்க்கலாம்.

குறை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. மூன்று வாரக் குஞ்சு கையைப் பார்த்ததும் தலையை ஆட்டி ஓடி வருவது பசியால். அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்கிறோம். ஏழெட்டு வாரத்தில் தானாகத் தினையைக் கொறிக்கத் தொடங்கியதும் அந்தப் பசிக்கு நம் கை தேவைப்படுவதில்லை. அதன்பிறகுதான் அந்தக் கை நல்லதா கெட்டதா என்று பறவை கணக்குப் போடுகிறது. பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் அதை விற்கிறோம், பஸ்ஸில் டப்பாவில் கொண்டுபோகிறோம், புதுக் கூண்டில் தனியாக விடுகிறோம், வருகிறவர் போகிறவரெல்லாம் கையை விட்டுப் பிடிக்கிறோம். ஊட்டிச் சம்பாதித்த அத்தனையும் அங்கே போய்விடுகிறது.

யாழ்ப்பாணத்தில் நண்பர் ஒருவர் வீட்டில் வேறு முறையைப் பார்த்தேன். ஒரு வீட்டை வைத்து ஒரு நாட்டையே சொல்லவில்லை. ஆனால் அந்த முறைக்குப் பின்னால் நாட்டின் நிலைமை இருந்தது. 2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றி இறக்குமதிகள் முடங்கின. அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. கரண்ட் இல்லாமல் குஞ்சுக்கு எப்படிச் சூடு கொடுப்பது? வெளிநாட்டு மாவு டப்பாவுக்கு எங்கே போவது? அவர் குஞ்சுகளைத் தாய் தந்தையிடமே விட்டுவிட்டார். சூடும் தீனியும் தாய்ப்பறவையின் பொறுப்பு. பெற்றோர் இரண்டும் தீனிக்கு வெளியே வரும் நேரம் பார்த்து, நாள்தோறும் குஞ்சுகளை எடுத்து உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பி வைப்பது மட்டும் அவர் வேலை.

அந்தக் குஞ்சுகளில் ஒன்றை விறாந்தையில் பார்த்தேன். இறகு முளைத்து முடிந்த பருவம். நண்பரின் கை நாற்காலிப் பிடியில் அசையாமல் இருந்தது. குஞ்சு நாற்காலி முதுகிலிருந்து பக்கவாட்டில் நடந்து இறங்கி, முதலில் அலகால் விரல் நகத்தைத் தட்டிப் பார்த்தது. பின் ஒரு காலை வைத்து எடுத்தது. மறுபடி வைத்து, உடம்பின் கனம் முழுவதையும் அதில் இறக்கியது. நான் கையை நீட்டப் போனேன். “அதின்ட பாட்டில விடுங்கோ, வரும்” என்றார் நண்பரின் அம்மம்மா. ஊசிக்குழாயைக் கண்ணால்கூடப் பார்க்காத குஞ்சு அது.

இந்த முறைக்கு ஆய்வின் துணையும் இருக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் அமேசான் கிளிகளில் இதைச் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். பெற்றோரே ஊட்டி வளர்த்த குஞ்சுகளை நாள்தோறும் சிறிது நேரம் கையில் எடுத்துப் பழக்கியபோது, எடுக்காமல் விட்டவற்றைவிட அவை மனிதருக்கு வெகுவாகப் பழகியிருந்தன. அதே பல்கலைக்கழகத்தில் அதற்கு முன் காக்டெயில் கிளிகளில் நடந்த ஆய்வில், கையால் ஊட்டி வளர்த்த பெண் பறவைகளில் பல கூட்டை விட்டுவிட்டுத் தரையில் முட்டையிட்டன. தாயிடமிருந்து பிரித்தெடுப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. இல்லாமையால் யாழ்ப்பாணத்து வீடு போய்ச் சேர்ந்த வழியை, எல்லாம் இருக்கும் நாம் விரும்பியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. தாய் கொத்தி விரட்டும் குஞ்சு, தாய் செத்த குஞ்சு என்றால் மட்டும் ஊசிக்குழாயைத் தொட்டால் போதும்.

நோய் என்று வந்தால் நம் பக்கம்தான் கொடுத்துவைத்தது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பறவை நோய் தெரிந்தவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். இலங்கை முழுவதற்கும் கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் ஒன்றே ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து அது ஒரு நாள் பயணம்.

ஆனால் நமக்கென்று ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதை இங்கே யாரும் பேசுவதில்லை. முட்டைப் பண்ணையில் வேலை செய்கிற கை, வீட்டில் லவ் பேர்ட்ஸையும் தொடுகிறது. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் அஞ்சும் ராணிக்கெட் நோய் கிளி வகைகளுக்கும் வரும், அவற்றிடமிருந்து கோழிக்கும் போகும். 1971இல் தெற்கு கலிபோர்னியாவில் இந்த நோய் பரவியபோது அதன் மூலம் இறக்குமதியான கூண்டுப் பறவைகள்தாம் என்று கண்டார்கள். ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பறவைகளைக் கொன்று புதைத்த பிறகே அது அடங்கியது. முட்டையை நம்பிப் பிழைக்கிற ஊர் இதை மறக்கலாமா? பண்ணை உடுப்போடு கூண்டுப் பக்கம் போகக் கூடாது. குளித்து, துணி மாற்றி, கை கழுவிய பிறகே பறவை. பண்ணை வேலைக்காரர் வீட்டில் பறவையே வேண்டாம் என்று முதலாளி சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது.

பழக்கும் விதத்துக்கு வருகிறேன். புதுக் குஞ்சு வந்த முதல் நாட்களில் கூண்டுக்கு அருகில் உட்கார்ந்து நம் வேலையைப் பார்த்தால் போதும். கை எப்போதும் பறவையின் நெஞ்சுக்குக் கீழே, பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். மேலிருந்து இறங்குவது அதற்குப் பருந்து. கொல்லிமலையில் விளையும் தினை கதிரோடு கிடைத்தால் ஒன்றை வாங்கி விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, கூண்டுக் கதவைத் திறந்து காத்திருங்கள். அதுவாக வெளியே வரட்டும். உள்ளே கையை விட்டுத் துழாவாதீர்கள். கூண்டு அதன் வீடு, குறிப்பாகப் பெண் பறவை அதைக் காக்கக் கடிக்கும். இறகை உடம்போடு ஒட்டி, நீண்டு, பின்வாங்கி நிற்கிறதா? அன்றைக்கு அவ்வளவுதான், கையை எடுத்துவிடுங்கள். உடம்பை உப்பிக்கொண்டு, ஒரு காலை மடக்கி, அலகை நறநறவென்று அரைக்கிறதா? பயம் விட்டுவிட்டது.

கடித்தால் கையை உதறாதீர்கள், கத்தாதீர்கள். மெதுவாக இறக்கி விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். நாலு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் எந்தக் குஞ்சும் சில காலம் முரண்டு பிடிக்கும். அந்தப் பருவத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊர் ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுக்குள் பிற்பகலில் பறவை இறக்கையைத் தூக்கி வாயைத் திறந்து நிற்கும். அந்த நேரத்தில் எந்தப் பழக்கமும் வேண்டாம், காலையில் செய்யுங்கள். மழைக்காலத்து யாழ்ப்பாணத்தில் கவனம் தீனி மேல் இருக்க வேண்டும். ஈரம் ஏறிப் பூசணம் பிடித்த தானியம் நுரையீரலைக் கெடுக்கும். இரு ஊருக்கும் பொதுவான ஆபத்துகள் மேலே சுற்றும் மின்விசிறியும் பட்டர் ஃப்ரூட்டும். பறவை வெளியே இருக்கும்போது விசிறி நிற்க வேண்டும். அந்தப் பழம் பறவைக்கு விஷம். ஏற்காட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்றோ, இலங்கை வளவுகளில் காய்த்துத் தள்ளுகிறது என்றோ ஒரு துண்டுகூடக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டு நாடுகளிலும் சிலர் கையில் எடுக்கும் குறுக்குவழி இறக்கையை வெட்டுவது. பறக்க முடியாததால் கையில் உட்காரும் பறவை பழகிய பறவை ஆகாது. கிளி ஜோசியத்தில் நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தது அதைத்தான். அந்தப் பச்சைக் கிளியைக் கூண்டில் வைப்பதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூரில் ஒரு கிளி ஜோசியர் பிடிபட்டபோதுதான் பலருக்கு அது தெரிந்தது.

லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டுப் பறவை என்பதால் வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள உயிர்களைப் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதியச் சொல்கின்றன. ஃபிஷரும் கறுப்பு முகமூடியும் அதில் வரும். 2005இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ரோஜா முகம் வராது. தீவு நாடான இலங்கையில் பிடி துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டப்படி கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் பறவை உள்ளே வரக் கூடாது.

விலங்குகளைக் கொடுமை செய்வதற்கான தண்டனையில் இரு நாடுகளுமே வெட்கப்பட வேண்டும். 1907ஆம் ஆண்டின் இலங்கைக் கட்டளைச் சட்டம் வைத்த உச்ச அபராதம் 100 ரூபாய். நம் 1960ஆம் ஆண்டுச் சட்டம் முதல் குற்றத்துக்கு வைத்தது 10 முதல் 50 ரூபாய். ஒரு தட்டு முட்டையின் விலைகூட இல்லை.

பறவை யாரிடம் பழக வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். நாமக்கல் லாரிக்காரர் வடக்கே போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஆசைப்பட்டு வாங்குகிறவர் ஒருவர், வீட்டில் இருக்கிறவர் இன்னொருவர். லவ் பேர்ட்ஸ் பத்துப் பதினைந்து வருடம் வாழும். தனியாக வளர்ந்தால் ஓர் ஆளையே துணையாகப் பிடித்துக்கொண்டு, அவரைக் காணாதபோது இறகைப் பிய்த்துக்கொள்ளும் பறவையும் உண்டு. அதனால் அமுச்சியோ அம்மம்மாவோ, நாளெல்லாம் வீட்டில் இருக்கிறவர் கையிலிருந்துதான் முதல் தினைக்கதிர் போக வேண்டும். யாருமே இல்லாத வீடு என்றால் ஜோடியாக வாங்கிக்கொள்ளுங்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உங்களிடம் குறைவாக வரும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

விற்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குஞ்சு தானாகத் தின்று இரண்டு வாரமாவது ஆகாமல் கைமாற்றாதீர்கள். வாங்குகிறவர்களும் விலை பேசுவதற்கு முன், அது தன் அலகால் தினையை உரித்துத் தின்பதை நின்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.