ஊருக்குச் சொல்கிறோம், பிள்ளைக்கு?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் செபராங் ஜெயாவில் சனி, ஞாயிறுக்கு மண்டபம் கிடைப்பது பெரும்பாடு. திருமணங்களுக்குப் போட்டியாக மஞ்சள் நீராட்டு விழாக்களும் முன்பதிவில் நிற்கும். 12 வயதுப் பெண்ணுக்குப் பட்டுச் சேலை கட்டி மேடையில் உட்கார வைத்து, தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து இறங்க, நலங்கு வைத்து, ஆலத்தி எடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டு அனுப்புகிறோம். அவளுக்கு மாதவிடாய் வந்துவிட்ட செய்தி வாட்சாப்பில் அழைப்பிதழாகச் சுற்றுகிறது. அது ஏன் வருகிறது, அதற்கும் பிள்ளை பிறப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளிடம் யாராவது பேசினீர்களா என்று கேட்டுப் பாருங்கள். விழா வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்பார்கள்.

சடங்கைத் தூக்கி எறியச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. தோட்டத்து லயங்களில் அது நடந்த விதத்தில் ஒரு நன்மை இருந்தது. தாய்மாமன் ஓலைக் குடிசை கட்டுவார். உளுத்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று உடம்பைத் தேற்றும் சாப்பாடு வரும். அந்த நாள்களில் பாட்டியும் அத்தையும் மணமான அக்காவும் மாறி மாறிப் பக்கத்தில் இருப்பார்கள். துணியை எப்படி வைப்பது, நாளை எப்படிக் கணக்கு வைப்பது, எந்த வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது என்பதெல்லாம் ஊர்க்கதையோடு கதையாகக் காதில் விழும். தீட்டு, தனிப்பாய், தனித்தட்டு என்ற கொடுமைகளும் கூடவே இருந்தன. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இதைப் பேச ஓர் இடமும் ஆளும் நேரமும் இருந்தன.

தாமான் வீட்டுக்கு வந்தபிறகு அத்தை ஜொகூரில், பாட்டி சுங்கைப்பட்டாணியில். 16 நாள் சடங்கு ஒரு சனிக்கிழமை மாலைக்குள் சுருங்கிவிட்டது. மேடையும் படப்பிடிப்பும் வளர்ந்தன. பேச்சு விடுபட்டுப் போயிற்று. அந்த வேலை இப்போது அம்மா அப்பா தலையில். அவர்களுக்கோ யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதனால் பல வீடுகளில் ‘நேரம் வரும்போது பேசிக்கலாம்’ என்று தள்ளிவைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். இன்னும் சிலர் புத்தகம் படித்து, வீடியோ பார்த்து, ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார்கள். தயாரிப்பு என்ற அளவில் இது மெச்சத்தக்கது. ஆனால் சடங்கின் குறை அப்படியே இதிலும் வந்து ஒட்டிக்கொள்கிறது: ஒரே நாள், ஒரே தடவை, அதுவும் பெரும்பாலும் பெண்ணுக்கு மட்டும். பிள்ளைகளின் கேள்விகள் அப்படி நாள் பார்த்து வருவதில்லை.

எங்கள் வரிசையில் ஒரு வீடு. ஜாலான் தோடாக்கில் சிவப்பு விளக்குக்குக் கார் நிற்கையில் ஏழு வயது மகன் பின்னாலிருந்து கேட்டிருக்கிறான்: “அம்மா, சித்தி வயித்துக்குள்ள பாப்பா எப்படிப் போச்சு?” அந்த அம்மா மழுப்பவில்லை. “நல்ல கேள்விய்யா. ராத்திரி சொல்றேன்” என்று தவணை வாங்கிக்கொண்டு, சொன்னபடி ராத்திரி சொல்லவும் செய்தார். கர்ப்பப்பை, அம்மாவிடம் ஒரு முட்டை, அப்பாவிடமிருந்து ஒரு விந்தணு, இரண்டும் சேர்ந்தால் பாப்பா. அதுவரை ஒத்திகை பார்த்திருந்தார். “அப்பாவோடது எப்படி உள்ள வரும்?” என்ற அடுத்த கேள்விக்கு ஒத்திகை இல்லை. கணவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். அம்மா எச்சில் விழுங்கிக்கொண்டு, உடலுறவைப் பற்றி இரண்டே வாக்கியத்தில் உள்ளதைச் சொன்னார்; பெரியவர்கள் மட்டும் செய்வது என்றும் சேர்த்துக்கொண்டார். பையன் “ஓ” என்றான். பிறகு, நாளைக் காலை நாசி லெமாக் வாங்கலாமா என்று கேட்டான்.

பெற்றோர் மாதக்கணக்கில் பயப்படும் பேச்சு அவ்வளவுதான். பெரும்பாலும் நாம் தயார்செய்ய வேண்டியது நம் முகத்தை. கேட்டதும் முகம் மாறினால், இது அம்மாவிடம் கேட்கக் கூடாதது என்று பிள்ளை குறித்துக்கொள்ளும். பதில் தெரியாவிட்டால் பாதகமில்லை. தவணை கேட்கலாம்; கேட்டால் தீர்க்க வேண்டும்.

சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போகும் என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை என்றே சொல்கிறது. நம் தொடக்கப்பள்ளிகளிலும் 2011 முதல் இனப்பெருக்க, சமூக நலக் கல்வி பாடத்திட்டத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி நலக்கல்விப் பாடநூலில் பாதுகாப்பான தொடுதல் பற்றிய பாடம் தமிழிலேயே வரும். முதலாம் படிவத்தில், பருவம் எட்டிப்பார்க்கும் நேரத்தில், பாடம் மலாய்க்கு மாறிவிடுகிறது. அந்த வயதுக்கான தமிழ்ப் பேச்சு வீட்டில் மட்டுமே கிடைக்கும். தயார் செய்துகொண்டு பேசும் பெற்றோருக்கு ஆதரவாக இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டை மட்டும் நம்பவும் முடியாது. ரிச்சர்ட் ஹக்கிள் என்ற ஆங்கிலேயர் உதவி செய்ய வந்தவர்போல மலேசிய ஏழைக் குடும்பங்களுக்குள் நுழைந்து குழந்தைகளைச் சீரழித்தது 2016இல் லண்டன் நீதிமன்றத்தில் வெளிவந்தது. நாடே அதிர்ந்தது. மறு ஆண்டே குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், அதாவது 792ஆம் சட்டம் வந்தது. ஹக்கிள் வெளியாள் என்பதால் கோபப்படுவது நமக்குச் சுலபமாக இருந்தது. குற்றவாளி பல நேரங்களில் பிள்ளைக்கு நன்கு தெரிந்தவர். அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் தராதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கிறது. குடும்ப மானம் என்று மூடி மறைக்கும் பெரியவர்களும் இதில் அகப்படுவார்கள்.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்று மனப்பாடம் செய்விக்கும் பெற்றோர் கோட்டை விடுவதும் இந்தத் தெரிந்தவர்கள் விஷயத்தில்தான். காலையில் அந்தப் பாடம் நடக்கும். மாலையில் விருந்தாளி வந்தால், பிள்ளை நெளிந்தாலும், “மாமாவுக்கு ஒரு முத்தா குடு” என்று முதுகில் கைவைத்துத் தள்ளுவோம். எந்தப் பாடம் பிள்ளை மனதில் தங்கும்? வேண்டாம் என்று அது சொன்னால், அண்ணனோ மாமனோ, நாம் பிள்ளை பக்கம் நிற்க வேண்டியிருக்கும். உறவு கொஞ்சம் கசக்கும், கசக்கட்டும். பினாங்கில் 1985 முதல் இயங்கும் பெண்கள் மாற்ற மையம் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் உடல் பாதுகாப்பைப் பற்றிப் பேசிவருகிறது. ஆபத்து என்றால் 15999 என்ற தாலியான் காசே உதவி எண் இருக்கிறது. அந்த எண்ணைப் பிள்ளைக்கு மட்டுமல்ல, பாட்டிக்கும் சொல்லி வைக்கலாம்.

ஆண்பிள்ளை விஷயத்தில் நம் மரபு சுத்தமாகக் கைவிரித்துவிட்டது. அவனுக்குச் சீர் கிடையாது, குடிசை கிடையாது, பக்கத்தில் உட்கார ஆளும் கிடையாது. அவனுடைய வகுப்பறை கைப்பேசி; பாடம் நடத்துவது ஆபாசப் படம். தூக்கத்தில் விந்து வெளியேறியதும் நோய் வந்துவிட்டதென்று பயந்து, போர்வையைத் தானே அலசி ஒளித்துக் காயப்போடும் பையன்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். அது இயல்பு என்பதை நடப்பதற்கு முன்பே, பத்து பதினொரு வயதில், அப்பா சொல்ல வேண்டும். மீசை அரும்பட்டும், முதல் சவரத்தன்று பேசிக்கொள்ளலாம் என்று அப்பா காத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் பிந்திப்போகும்.